செத்த லைன்

ஏப்ரல் 3

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

வந்து சேர்ந்த விஷயத்தைப் போனில் சொல்லிவிட்டேன். நீங்கள் "ம்" என்றீர்கள். முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கும் "ம்" தான். அதற்கு நான் சுவரோடு பேசிவிடலாம். அதனால்தான் கடிதம். கல்யாணமான புதிதில் டிரெயினிங்குக்குப் போயிருந்தபோது பக்கம் பக்கமாக எழுதினீர்களே, அதே மனிதர்தானே நீங்கள். பிரசவம் முடிந்து நான் திரும்பும்வரை அப்படி எழுதுங்கள்.

பாப்பாவுக்குக் கால் இரண்டும் வீங்கியிருக்கிறது. தன் செருப்பு நுழையாமல் மாப்பிள்ளையின் செருப்பைப் போட்டுக்கொண்டு டாக்டரிடம் போகிறாள். ரத்த அழுத்தம் கூடுதலாம். படுத்தே இருக்க வேண்டும், அதிர்ச்சியான விஷயம் எதுவும் காதில் விழக்கூடாது, கோபமே படக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். உங்கள் மகள் கோபப்படாமல் இருக்க வேண்டுமாம். நீங்களே சிரித்துக்கொள்ளுங்கள்.

வீடு புதுத் தெருவின் கடைசியில் இருக்கிறது. தெருவுக்கே மொத்தம் ஆறு வீடுகள். முனையில் இந்த ஆறு வீட்டுக்கென்று ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர். நீங்கள் வந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பீர்கள் என்று நானும் அதையே முதலில் பார்த்தேன். மின்சார ஆபீஸ் லைன் ஃபோர்மேனோடு இத்தனை காலம் குடித்தனம் நடத்தினால் இப்படித்தான் புத்தி போகும்.

மொட்டை மாடி முழுக்க சோலார் பலகைகள். ஓரத்தில் ஓர் இரும்புக் குழாயை நட்டு அதன் உச்சியில் சின்னக் காற்றாடி ஒன்றும் வைத்திருக்கிறார். காற்று கொஞ்சம் வேகமாக அடித்தால் அது உறும ஆரம்பிக்கிறது. நீங்கள் பக்கத்தில் படுத்துக் குறட்டை விடுவது போலவே இருப்பதால் எனக்குத் தூக்கம் நன்றாக வருகிறது.

மாப்பிள்ளை கடைக்குப் போகுமுன் மாடிக்குப் போய் ஈரத்துணியால் ஒவ்வொரு பலகையாகத் துடைக்கிறார். நேற்று என்னைக் கூட்டிப்போய் மீட்டரைக் காட்டினார். "அத்தை, இது நாம லைன்லேருந்து வாங்கினது. இது நாம லைனுக்குக் குடுத்தது. பகல்ல நாம குடுப்போம், ராத்திரி வாங்கிக்குவோம்" என்றார். பக்கத்து வீட்டோடு சர்க்கரை கொடுத்து வாங்குகிற மாதிரி சொல்கிறார். செல்போன் ரிப்பேர் செய்கிறவர் வீட்டையே ஒரு செல்போனாக நினைத்து மாட்டி வைத்திருக்கிறார் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். ஆனால் கெட்டிக்காரர். பாப்பாவின் காலைத் தன் மடியில் வைத்து அமுக்கிவிடுகிறார். நான் பார்த்தால் கூச்சப்பட்டு நிறுத்திவிடுகிறார் என்பதால் பார்க்காத மாதிரி போய்விடுகிறேன்.

"மாமா ஒரு தடவ வந்து இதையெல்லாம் பாத்தார்னா நல்லா இருக்கும்" என்றார். அவளாகத் தேர்ந்தெடுத்தாள் என்பதற்காக எத்தனை நாள் அவரிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாமல் இருக்கப்போகிறீர்கள்?

பதில் எழுதுங்கள். "ம்" என்று மட்டும் எழுதி அனுப்பிவிடாதீர்கள்.

பாப்பா அம்மா


ஏப்ரல் 10

பாப்பா அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்தது. முழங்கால் பரவாயில்லை. ஏணியில் ஏறும்போது மட்டும் தன் இருப்பைச் சொல்கிறது. இரண்டு நாளாக நானே சமைக்கிறேன். முதல் நாள் உப்பு போட மறந்தேன். மறுநாள் அதற்கும் சேர்த்துப் போட்டுவிட்டேன். குறட்டை விஷயம் அபாண்டம். நான் குறட்டை விடுவதில்லை.

பாப்பாவின் காலுக்குக் கீழே தலையணை வை. கோபப்படாதே என்று சொன்னால் அதற்கே கோபப்படுவாள், அதனால் ஒன்றும் சொல்லாதே.

உன் மாப்பிள்ளையின் மாடியைப் பற்றி எழுதியிருந்தாய். இப்போது என் செக்‌ஷனிலும் அப்படி நிறைய வீடுகள் வந்துவிட்டன. நல்ல விஷயம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவரிடம் ஒன்று மட்டும் கேள். லைனில் கரண்ட் போனால் அவருடைய மெஷினும் தானாக நின்றுவிடுகிறதா? நிற்க வேண்டும். வெயில் எவ்வளவு அடித்தாலும், காற்றாடி எவ்வளவு சுற்றினாலும், லைன் செத்தால் அதுவும் படுத்துவிட வேண்டும். அப்படித்தான் அதைச் செய்து விற்கிறார்கள்.

ஏன் என்று நீ கேட்பாய். உங்கள் தெரு முனையில் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதே, அது பெரிய லைனில் வருகிற கரண்டைக் குறைத்து வீட்டுக்கு அனுப்புகிறது. வீட்டிலிருந்து கரண்ட் அதற்குள் போனால் அதே வேலையைத் தலைகீழாகச் செய்யும். வீட்டில் ஃபேன் ஓட்டுகிற கரண்ட் கம்பத்தின் மேலே போகும்போது ஆளைக் கரியாக்குகிற கரண்ட் ஆகிவிடும். மேலே இருப்பவன் லைன் செத்திருக்கிறது என்று நினைத்துக் கை வைப்பான்.

அதனால் கேட்டு எழுது. அவரோடு பேசாமல் இல்லை. பேச விஷயம் வரவில்லை, அவ்வளவுதான்.

பாப்பா அப்பா


ஏப்ரல் 21

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

நீங்கள் கேட்டதை நான் கேட்பதற்குள் கரண்டே பதில் சொல்லிவிட்டது. போன வாரம் மத்தியானம் பட்டென்று போனது. மாடியில் வெயில் கொளுத்துகிறது, வீட்டுக்குள் ஒரு ஃபேன் ஓடவில்லை. எதிர்வீட்டு டீச்சர் வந்து, "மாடி பூரா கரண்ட வச்சிக்கிட்டு நீங்களும் விசிறிக்கிட்டுதான் இருக்கீங்களா" என்று சிரித்துவிட்டுப் போனார். மாப்பிள்ளைக்கு முகம் சுருங்கிவிட்டது. நீங்கள் எழுதிய அதே விஷயத்தைத்தான் அவரும் சொன்னார், லைன் போனால் இதுவும் போக வேண்டும் என்று.

அன்றைக்குக் கரண்ட் வர இருட்டிவிட்டது. பாப்பா பாத்ரூமில் தலைசுற்றி விழப்போனாள். நான் பிடித்துக்கொண்டேன். மாப்பிள்ளை அவளை ஆட்டோவில் தூக்கிப்போனார். டாக்டரம்மா ஊசி போட்டு, "இந்தப் பொண்ண சூட்டுல வைக்காதீங்க" என்று அவரைத்தான் திட்டினார்.

மறுநாள் அவர் கடையைத் திறக்கவில்லை. பழைய பேட்டரிகளையும் ஒரு இன்வெர்ட்டரையும் கொண்டுவந்து மாடிப்படிக்குக் கீழே வைத்து என்னவோ செய்தார். லைன் போனாலும் போகவில்லை என்று அந்த மெஷினை நம்பவைக்கிறாராம். படிக்கட்டுச் சுவரில் ஒரு பலகை அடித்து இரண்டு கைப்பிடி வைத்திருக்கிறார். கரண்ட் போனால் முதலில் மேலே இருப்பதைக் கீழே இழுக்க வேண்டும், அது நம் வீட்டை லைனிலிருந்து துண்டித்துவிடும். அப்புறம் கீழே இருப்பதை மேலே தள்ள வேண்டும், நம் கரண்ட் வந்துவிடும். மேலே இருப்பதில் ஒன்று என்றும் கீழே இருப்பதில் இரண்டு என்றும் சிவப்புப் பெயின்டில் எழுதியும் வைத்துவிட்டார். மேலே உள்ளது ரொம்ப இறுக்கம். எனக்கு இரண்டு கையும் வேண்டியிருக்கிறது.

நேற்று மறுபடி கரண்ட் போனது. தெருவே வெந்துகொண்டிருக்க, நம் வீட்டில் மட்டும் ஃபேன். பாப்பா வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். எல்லோரும் நம் கூடத்துக்கு செல்போன் சார்ஜ் போட வந்துவிட்டார்கள். டீச்சர் தன் இன்சுலின் மருந்தை நம் ஃபிரிஜ்ஜில் கொண்டுவந்து வைத்தார். போகும்போது மாப்பிள்ளையிடம் சிரிக்கவில்லை, நன்றி என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. உங்களுக்கும் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பாப்பா அம்மா


ஏப்ரல் 26

பாப்பா அம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் அவர் கடைக்குப் போன் போட்டேன், அது உனக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். நான் கத்தியதும் தெரிந்திருக்கும்.

அவர் சொன்னார், "மாமா, மெயின இறக்கிட்டுத்தான் அடுத்தத ஏத்துறேன். மறக்கவே மாட்டேன்." நான் சொன்னேன், "நீங்க மறக்க மாட்டீங்க. நீங்க இல்லாதப்போ?" அதற்கென்றே ஒற்றைக் கைப்பிடி ஸ்விட்ச் விற்கிறார்கள். இந்தப் பக்கம் தள்ளினால் லைன், அந்தப் பக்கம் தள்ளினால் வீடு. இரண்டையும் சேர்த்துப் போடவே முடியாது. அதையும் மின்சார ஆபீஸில் சொல்லி, அவர்கள் வந்து பார்த்த பிறகுதான் மாட்ட வேண்டும். அதுவரை அந்தப் பலகையைக் கழற்றி வையுங்கள் என்றேன். "சரி மாமா" என்றார். அவர் சரி என்றால் செய்வாரா, சொல்வதோடு சரியா என்று எனக்குத் தெரியாது. நீ பார்த்து எழுது.

அதற்குப் பிறகு பாப்பா வீட்டிலிருந்து கூப்பிட்டாள். "அப்பா, உங்க கீழ வேலை பாக்குறவங்கள திட்டுற மாதிரி எங்க வீட்டுக்காரர திட்டாதீங்க. நான் விழுந்தா தூக்குறதுக்கு நீங்களா இங்க இருக்கீங்க" என்றாள். நான் வைத்துவிட்டேன். அவளுக்கு ரத்த அழுத்தம் என்று நீ எழுதியிருந்தது நினைவுக்கு வந்துதான் வைத்தேன். இல்லையென்றால் வைத்திருக்க மாட்டேன்.

ஒரு மேஜை ஃபேனும் நல்ல பேட்டரியும் வாங்கி அனுப்பியிருக்கிறேன். அதை எந்தக் கம்பியோடும் சேர்க்க வேண்டாம். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து ஓட்டினால் போதும்.

பாப்பா அப்பா


மே 6

பாப்பா அப்பாவுக்கு,

இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் போடாதீர்கள். போன் கூடத்தில் இருக்கிறது, பாப்பாவும் கூடத்தில்தான் படுத்திருக்கிறாள்.

நேற்று எங்கள் தெரு லைன்மேனுக்குக் கரண்ட் அடித்துவிட்டது. உயிர் இருக்கிறது. வலது கையை முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

முதலிலிருந்து சொல்கிறேன். விடியும்போது இடி, மின்னல், பேய்க்காற்று. மற்ற எல்லா வீட்டிலும் பயந்து மெயினை இறக்கி வைத்திருந்தார்கள். முனையில் டிரான்ஸ்ஃபார்மர் மேலே ஏதோ வெடித்துக் கரண்டும் போனது. மழை பெய்யவே இல்லை. மேகம் கலைந்து சுள்ளென்று வெயில் வந்துவிட்டது. மாப்பிள்ளை கடைக்குப் போய்விட்டார். நான் சமையற்கட்டில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஃபேன் சுற்றியது. கரண்ட் வந்துவிட்டது என்று நினைத்து அடுப்பை அணைத்துவிட்டு முகம் கழுவப் போனேன்.

தெருவில் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் கம்பத்தில் பெல்ட்டோடு தொங்கிக்கொண்டிருந்தார். கீழே நின்ற அவருடைய உதவியாள் தலையில் அடித்துக்கொண்டு, "லைன் இல்ல, லைன் இல்லையே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். எந்த வீட்டிலும் விளக்கு இல்லை. நம் வீட்டு ஜன்னல் வழியாக ஃபேன் சுற்றுவது எனக்குத் தெரிந்தது. வேறு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பலகையைக் கழற்றிவிட்டாரா என்று பார்க்கச் சொல்லியிருந்தீர்கள். பார்த்தேன், கழற்றவில்லை. ஒற்றைக் கைப்பிடி ஸ்விட்சுக்குச் சொல்லிவிட்டேன், வந்ததும் மாற்றிவிடுகிறேன் என்றார். நீங்கள் அனுப்பிய ஃபேனும் வந்தது. அந்தப் புழுக்கத்துக்கு அது போதவில்லை. கழற்றுங்கள் என்று நானும் அடம்பிடிக்கவில்லை. அவள் தூங்கினால் போதும் என்று இருந்துவிட்டேன்.

மாப்பிள்ளை கடையிலிருந்து ஓடிவந்தார். நேராக மாடிப்படிக்குத்தான் போனார். இரண்டு கைப்பிடியும் மேலே ஏறியிருந்தது, ஒன்று என்று எழுதியதை யாரும் கீழே இழுக்கவில்லை. அவர் அதைப் பார்த்ததை நான் பார்த்தேன். அப்புறம் எல்லாவற்றையும் கழற்றி ஒரு சாக்கில் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளினார். சாயங்காலம் ஆபீஸ்காரர்கள் வந்து மாடியில் பலகை வைத்திருக்கும் மூன்று வீட்டிலும் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார்கள். "எர்த் போடாம ஏறியிருக்கான். அவன் தப்புதான்" என்று அவர்களில் பெரியவர் ஒருவர் வாசலில் நின்று சொன்னார். மாப்பிள்ளை அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்.

இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

பாப்பா அம்மா


மே 10

பாப்பா அம்மாவுக்கு,

போன் போடாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

எர்த் போடுவது என்றால் என்ன என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். வேலையைத் தொடங்குமுன் லைனை ஒரு கம்பியால் தரையோடு சேர்த்துவிட வேண்டும். எங்கிருந்தாவது கரண்ட் வந்தாலும் அது தரைக்குள் இறங்கிவிடும். அந்த ஆள் போட்டிருக்க வேண்டும். நாங்களும் எத்தனையோ முறை சின்ன ஃபியூஸ் வேலைதானே, ஒரு நிமிஷம்தானே என்று போடாமல் ஏறியிருக்கிறோம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் அப்போது எந்த வீட்டு மாடியிலிருந்தும் கரண்ட் வராது. அதிர்ஷ்டத்தைத்தான் அனுபவம் என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

ஆனால் கேள். "அவன் தப்பு" என்று விசாரணையில் எழுதிவிட்டால் அவனுக்கு ஆபீஸிலிருந்து எந்த உதவியும் வராது. வேலையும் போகும். ஒரு கையோடு வீட்டில் உட்கார வேண்டியதுதான். கையும் போய், பழியும் அவன் தலையில். இந்த மாதக் கடைசியில் விசாரணை முடிந்துவிடும். அதற்குப் பிறகு யார் போய் எதைச் சொன்னாலும் எடுபடாது.

உன் மாப்பிள்ளை போய்ச் சொல்ல வேண்டும். நாளைக்கே போக வேண்டும். இரண்டு கைப்பிடியையும் ஏற்றிவிட்டுக் கடைக்குப் போன மனிதர், சாக்கில் கட்டி ஒளித்து வைத்துவிட்டுத் தண்ணீர் கொடுக்கிறாரா? நான் அவரைப் பற்றி முதலிலிருந்தே நினைத்தது சரிதான் என்று எழுத எனக்குச் சந்தோஷம் இல்லை. அவர் போகவில்லை என்றால் நான் லீவு போட்டுவிட்டு வருவேன். வந்து நானே சொல்வேன். பாப்பா என்னை ஜென்மத்துக்கும் பார்க்க மாட்டாள் என்றாலும் சரி.

நீ அவரிடம் இதைப் படித்துக் காட்டு.

பாப்பா அப்பா


மே 14

பாப்பா அப்பாவுக்கு,

படித்துக் காட்டவில்லை. நீங்கள் வரவும் வேண்டாம். முதலில் இதைப் படியுங்கள், உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

அன்றைக்கு அவர் கைப்பிடியைத் தொடவில்லை. பாப்பாதான் தொட்டாள்.

அவள் எழுந்து போன சத்தம் எனக்குச் சமையற்கட்டில் கேட்டது. "எங்கடி போற" என்றேன். "வேகுதும்மா" என்றாள். கடக் என்று ஒரே ஒரு சத்தம் வந்தது, ஃபேன் சுற்றியது. கரண்ட்தான் வந்துவிட்டது என்று அப்போது நினைத்தது உண்மை. போன கடிதத்தில் அவள் எழுந்து போனதை மட்டும் விட்டுவிட்டு எழுதினேன். மேலே உள்ள கைப்பிடியை அவளால் இழுத்திருக்க முடியாது. வயிற்றைச் சுவரில் அழுத்தாமல் அது கைக்கே எட்டாது. எட்டியதைத் தள்ளிவிட்டு வந்து படுத்திருக்கிறாள்.

அவள் கைப்பிடியைப் பற்றிப் பேச்செடுத்ததும் மாப்பிள்ளை அவளிடம் என்ன சொன்னார் தெரியுமா? "கடைக்குப் போறப்பவே கீழ இருக்குறத நான் ஏத்திட்டேன். அவசரத்துல மெயின இறக்கல. நீ போனப்போ அது மேலதான் இருந்துச்சு, நீ சும்மா தொட்டுட்டு வந்திருப்ப." என் எதிரிலேயே சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டேன்.

உங்கள் கடிதம் வந்த பிறகு, அவர் மாடியில் பலகை துடைத்துக்கொண்டிருந்தபோது போய்க் கேட்டேன். "அத்தை, செஞ்சது நான்தான். மாமா கழட்டச் சொன்னார், கழட்டல. நான் வைக்காம இருந்தா அவ தொட்டிருப்பாளா? யார் கேட்டாலும் நான்தான்" என்றார். "அப்ப போய்ச் சொல்லலாமே" என்றேன். "என்ன உள்ள வச்சிட்டாங்கன்னா இவ தாங்குவாளா அத்தை? பிரசவம் ஆகட்டும், போயிடுறேன்" என்றார். மாதக் கடைசிக்குள் விசாரணை முடிகிற கதையை நீங்கள் எழுதியபடி சொன்னேன். அவர் ஏற்கெனவே துடைத்த பலகையையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. சோறு கட்டி எடுத்துக்கொண்டு, அந்தத் தெருக்காரி என்று மட்டும் சொல்லிக்கொண்டு போனேன். லைன்மேனின் மனைவி வார்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தாள். நம் பாப்பா வயதுதான். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தத் தெருவுல இத்தன வீடு இருக்கு, நீங்க ஒருத்தர்தாம்மா வந்தீங்க" என்றாள். எனக்கு அந்தத் தரை பிளந்து உள்ளே போனால் போதும் என்று இருந்தது.

லைன்மேன் விழித்திருந்தார். மெதுவாகத்தான் பேசினார். "எர்த் போடலதாம்மா. நான் இல்லேன்னு சொல்லல. ஆனா பெரிய லைன நானே கைப்பட பிரிச்சுவிட்டுட்டுதான் ஏறினேன். லைன் செத்துத்தானே இருந்துச்சு? அப்புறம் எங்கேருந்து வந்துச்சு? அதை மட்டும் யாராவது சொன்னா பரவால்ல. நெனச்சு நெனச்சு எனக்குப் பைத்தியம் புடிக்குது."

இப்போது சொல்லுங்கள். வந்து யாரைப் பற்றிச் சொல்லப்போகிறீர்கள்? மாப்பிள்ளையைப் பற்றியா, பாப்பாவைப் பற்றியா? நீங்கள் என்ன சொன்னாலும் செய்கிறேன். எனக்கு யோசிக்கும் சக்தி இல்லை.

பாப்பா அம்மா


மே 20

பாப்பா அம்மாவுக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

யாரும் எதுவும் சொல்ல வேண்டாம். பிரசவம் நடக்கட்டும்.

மாதக் கடைசிக்கு அப்புறம் சொல்லிப் பயனில்லை என்று நான்தான் எழுதினேன். அதை மறந்துவிடவில்லை. தெரிந்துதான் எழுதுகிறேன். லைன்மேனுக்கு என் ஆட்களிடம் சொல்லி ஏதாவது திரட்டி அனுப்புகிறேன். ஆபீஸில் உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது கிடைக்குமா என்று தெரிந்த அதிகாரியிடம் கேட்டுப் பார்க்கிறேன். அதற்கு மேல் என்னைக் கேட்காதே.

நேற்று என் ஆட்கள் ஒரு கம்பத்தில் ஏறும்போது எர்த் போட்டாயிற்றா என்று நான் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை. அவர்களே போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்தார்கள்.

சாக்கை எங்காவது தூரமாகக் கொண்டுபோய்ப் போட்டுவிடச் சொல். ஆஸ்பத்திரிக்கு நீ இனிமேல் போகாதே.

பாப்பா அப்பா


மே 24

பாப்பா அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் இன்று காலையில்தான் வந்தது. மாப்பிள்ளை நேற்றே போய்ச் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் லைன்மேன் கேட்ட கேள்வியை நான் அவரிடம் சொல்லாமலே வைத்திருந்தேன். முந்தாநாள் சாப்பிட உட்கார்ந்தபோது என்னையறியாமல் சொல்லிவிட்டேன். எங்கேருந்து வந்துச்சு, அதை மட்டும் யாராவது சொன்னா பரவால்ல என்று கேட்டார், அவ்வளவுதான் சொன்னேன். அவர் சாப்பிடாமல் எழுந்து கை கழுவினார். நேற்றுக் காலையில் மாடிக்குத் துடைக்கப் போகவில்லை. கட்டிலுக்கடியிலிருந்து சாக்கை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மின்சார ஆபீஸுக்கு நடந்தார். நான் தெருமுனை வரை பின்னாலேயே போனேன். என்ன சொல்லித் தடுப்பது, தடுக்கத்தான் வேண்டுமா என்று தெரியாமல் அங்கேயே நின்றுவிட்டேன்.

கைப்பிடிப் பலகையை மேஜைமேல் வைத்து, இதை வீட்டில் வைத்ததும் நான், ஏற்றியதும் நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். போலீஸ் ஸ்டேஷனுக்கும் கூட்டிப்போனார்கள். டீச்சரின் வீட்டுக்காரர் ஜாமீன் கையெழுத்துப் போட்டு இருட்டிய பிறகு கூட்டிவந்தார். கேஸ் இருக்கிறது, என்ன ஆகும் என்று தெரியாது. ஆபீஸ்காரர்கள் வந்து மாடிக்குப் போகும் கம்பியைத் துண்டித்து சீல் வைத்துவிட்டார்கள். லைன்மேனின் விசாரணையை மறுபடி திறக்கிறார்களாம். அவர் தப்பும் கொஞ்சம் இருக்கும், ஆனால் எல்லாத் தப்பும் அவர் தலையில் விழாது என்று சொன்னார்களாம்.

நான் இன்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். நீங்கள் போகாதே என்று எழுதியதைப் படித்துவிட்டுத்தான் போனேன். அந்தப் பெண் நான் கொண்டுபோன சோற்றை வாங்கவில்லை. சத்தம் போடவில்லை, திட்டவில்லை. "தெரிஞ்சுதான் வந்து உக்காந்திருந்தீங்களா" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சோற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வேறு என்ன செய்வது.

பாப்பாவுக்கு எல்லாம் தெரியும். மாப்பிள்ளை ஸ்டேஷனில் இருந்தபோது சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டே சொன்னாள். "அம்மா, அவர் பொய் சொல்றாரு. கைப்பிடி கீழ இருந்துச்சு. நான்தான் தள்ளினேன். எனக்குக் கையில இன்னும் அது இருக்கு." நான் அவள் வாயைப் பொத்தினேன். என் கையை எடுத்துவிட்டு, "குழந்த பொறந்ததும் நான் போய்ச் சொல்லுவேன். அவர் செய்யாததுக்கு அவர் போகக்கூடாது" என்றாள். டாக்டரம்மாவிடம் ரத்த அழுத்தம் பார்த்தோம். இத்தனை நாளில் இன்றுதான் குறைந்திருக்கிறது. எனக்கு இதெல்லாம் புரியவில்லை.

கடைசியாக ஒன்று. இன்று மாப்பிள்ளையிடம் கேட்டேன், "பிரசவம் ஆனதும் போறேன்னுதானே சொன்னீங்க, ஏன் இப்ப போனீங்க" என்று. அவர் சொன்னார், "மாமா என் இடத்துல இருந்தா என்ன பண்ணியிருப்பாருன்னு யோசிச்சேன் அத்தை. ஒரு நாளும் பேசாம இருந்திருக்க மாட்டாரு."

அவர் அதைச் சொன்னபோது உங்கள் கடிதம் என் மடியில் இருந்தது.

அதை மடித்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் படிக்க ஆசைப்பட்டதைத்தான் நீங்கள் எழுதியிருந்தீர்கள். இத்தனை வருடத்தில் நீங்கள் நான் நினைத்தபடியே சொன்னது இதுதான் முதல் தடவை. அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று இருக்கிறது.

உங்களுடைய அந்தக் கடிதத்தை நான் என்ன செய்யட்டும்?

பாப்பா அம்மா


மே 28

பாப்பா அம்மாவுக்கு,

கிழித்துப் போட்டுவிடு என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கிழிக்காதே. அவரிடம் கொடு. நான் எப்படிப்பட்டவன் என்று நினைத்துக்கொண்டு அந்த மனிதர் ஜெயிலுக்குப் போகத் தயாராகிறாரோ, அவன் எழுதியதை அவர் படிக்க வேண்டும். படித்துவிட்டு என்னைப் பார்க்க விருப்பமில்லை என்றால் சொல்லச் சொல். அதற்கும் நான் வருத்தப்பட மாட்டேன்.

லீவு வாங்கிவிட்டேன். செவ்வாய்க்கிழமை வருகிறேன். வீட்டுக்கு வருமுன் லைன்மேனைப் பார்க்கப் போவேன். அவர் கேட்ட கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். எந்த வழியாகக் கரண்ட் வந்தது, டிரான்ஸ்ஃபார்மருக்குள் எப்படித் திரும்பி ஏறியது என்று அவருக்குப் புரிகிற மாதிரி ஒரு லைன்காரன் உட்கார்ந்து சொல்ல வேண்டும். அந்தப் பெண் என்னை உள்ளே விடவில்லை என்றால் வெளியே இருக்கிறேன். விசாரணையிலும் அதைச் சொல்லப்போகிறேன், யாருடைய மாமனார் என்பதையும் சேர்த்து. அது மாப்பிள்ளைக்கு எதிராகத்தான் போகும். அவரிடம் இப்போதே சொல்லி வை. கோர்ட்டுக்குப் போகிற நாளெல்லாம் நான் அவரோடு கூடப் போவேன், அதையும் சொல்.

பாப்பா சொன்னதைப் பற்றி நான் ராத்திரி பகலாக யோசித்தேன். என்னால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. போய்ச் சொல்லட்டும் என்று இப்போது உனக்கு எழுதுகிறேன். அவள் முகத்தைப் பார்த்தால், கையில் குழந்தையையும் பார்த்தால், வேண்டாம் என்று சொல்வேன். என்னை எனக்கு இப்போது தெரியும்.

அதனால் உன்னிடம் கேட்டுக்கொள்வது இதுதான். அவள் போக வேண்டும் என்றால் நீ கூடப் போ. நான் வாசலை மறித்து நின்றாலும் நிற்காதே.

பாப்பா அப்பா